திருடுபோன என் க்ரைம் நாவலை மீட்ட கதை

நான் எழுதிய க்ரைம் தொடர்கதையை யாரோ ஒருவர் பெயர்களை மாற்றித் தன் புத்தகமாக விற்றார். அதைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் புத்தகம் விற்பனையிலிருந்து இறங்கும்வரை ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. முதல் பாதி முழுக்கத் தனியாகவே அலைந்தேன். பணம் போனது, தூக்கம் போனது, எழுதும் ஆசையும் போய்விட்டது. இரண்டாம் பாதியில் என்னைப் போலவே க்ரைம் எழுதுகிற சிலர் ஆன்லைனில் கிடைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. அவர்களை ஒரு வருடம் முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். இன்னொருவர் இப்படி அலையக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். க்ரைம் நாவல் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களை அப்பா வாங்கி வருவார், அவர் முடித்ததும் என் கைக்கு வரும். நானே எழுத ஆரம்பித்தபோது வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ள கொலை, ரத்தம்னு எழுதிட்டு இருக்கியே, வேற கதையே கெடைக்கலையா?" என்று அம்மா கேட்பார். அலுவலகத்தில் சொல்லவே இல்லை. இரவு எல்லாரும் தூங்கிய பிறகு போனில் தட்டச்சு செய்து, ஒரு கதைச் செயலியில் வாரம் ஓர் அத்தியாயமாகப் போட்டேன்.

க்ரைம் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தனிமை கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். குடும்பக் கதை எழுதுபவர் பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடக் கதையைச் சொல்லிப் பார்க்கலாம். விஷம் எத்தனை மணி நேரத்தில் வேலை செய்யும் என்று நாம் யாரிடம் போய்க் கேட்பது? மாத நாவல் காலத்தில் எழுத்தாளருக்குப் பின்னால் ஒரு ஆசிரியர் இருந்தார், ஒரு அலுவலகம் இருந்தது. சுபா என்ற பெயரில் எழுதுபவர்கள் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள். முடிச்சு சிக்கிக்கொண்டால் பேசித் தீர்க்கப் பக்கத்திலேயே ஆள் இருந்தது. இன்று போனில் எழுதி நேரடியாக வெளியிடும் நம்மில் பலருக்கு அப்படி யாரும் இல்லை.

என் கதை திருச்செங்கோட்டில் நடப்பது. போர்வெல் ரிக் வண்டிகள் அங்கிருந்து வெளி மாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் வேலை செய்துவிட்டு வருமே, அப்படியொரு ரிக் முதலாளியின் கணக்குப்பிள்ளை கொலையாகிறார். டீசல் கணக்கில் உள்ள ஒரு வித்தியாசத்தை வைத்து இன்ஸ்பெக்டர் குமரேசன் கண்டுபிடிக்கிறார். எனக்குத் தெரிந்த தொழில், எனக்குத் தெரிந்த மண் என்பதால் தைரியமாக எழுதினேன். தொடருக்கு நல்ல வரவேற்பு. முடிந்ததும் திருத்தி எழுதி ஒரு மின்னூல் தளத்தில் புத்தகமாகப் போட்டேன்.

சில நாட்களில் அந்தத் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். உங்கள் புத்தகத்தில் உள்ள உள்ளடக்கம் வேறொருவர் பெயரில் எங்கள் தளத்தில் ஏற்கனவே விற்பனையில் இருக்கிறது, உரிமை உங்களுடையது என்று குறித்த நாளுக்குள் நிரூபியுங்கள், இல்லையென்றால் புத்தகம் நீக்கப்படும், கணக்கும் முடக்கப்படலாம். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அதே வாரத்தில் ஒரு வாசகி செய்தி அனுப்பினார்: "அக்கா, உங்க கதைய வேற பேர்ல படிச்சேன். நீங்களா போட்டீங்க?" கூடவே ஒரு இணைப்பு. திறந்து பார்த்தேன். அட்டையில் யாரோ ஒரு ஆணின் பெயர். முதல் வரி என்னுடையது. இரண்டாம் வரியும் என்னுடையது. குமரேசன் விக்ரமனாகியிருந்தார், திருச்செங்கோடு பொள்ளாச்சியாகியிருந்தது. மூன்று பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. வயிற்றைப் பிசைந்தது. என் கதையை எடுத்தது ஒரு வலி என்றால், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்து எனக்கு முன்னால் புத்தகமாகப் போட்டதால் தளத்தின் கண்ணில் நான்தான் திருடி என்றானது அதைவிடப் பெரிய வலி.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். செயலியில் தொடர்கதை எழுதுபவர்கள், கடைசி அத்தியாயம் போடும் வாரத்திலேயே புத்தகத்தையும் வெளியிடப் பாருங்கள். இடைவெளி விட்டால் அதில் யாராவது நுழைவார்கள். ஒரே தளத்தில் மட்டும்தான் வைப்பேன் என்ற நிபந்தனை உள்ள சந்தாத் திட்டத்தில் புத்தகத்தைச் சேர்ப்பதாக இருந்தால் அதற்கு முன் செயலியில் உள்ள அத்தியாயங்களை எடுத்துவிட வேண்டியிருக்கும். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு அத்தியாயப் பக்கத்தையும் தேதி, வாசகர் கருத்து எல்லாம் தெரியும்படி சேமித்து வையுங்கள். நான் எடுக்காமல் வைத்திருந்ததால்தான் பின்னால் தப்பித்தேன்.

அடுத்த சில மாதங்கள் மோசமானவை. திருடிய ஆளுக்கே அந்தத் தளத்தில் இருந்த முகவரி வழியாக எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டு நாளில் அட்டை மாறியது, தலைப்பு மாறியது, முதல் அத்தியாயத்தில் சில வரிகள் மாறின. இதிலிருந்து எல்லாரும் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆதாரத்தை முழுக்கச் சேகரித்து முடிக்கும்வரை எதிராளிக்கு ஒரு வார்த்தைகூடப் போகக் கூடாது. தளத்துக்கும் நீளமாக எழுதினேன், அழுகையோடு. எத்தனை இரவு விழித்தேன், என் குடும்பச் சூழல் என்ன என்றெல்லாம். இயந்திரம் அனுப்பிய ஒரே மாதிரியான பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. புகாரைப் படிப்பவருக்கு வேண்டியது எது அசல், எது நகல், யார் உரிமையாளர், நகல் எங்கே இருக்கிறது என்ற விவரங்கள்தான். அன்று அதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அப்புறம் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். நோட்டீஸ் அனுப்ப 6,500 ரூபாய். ஆன்லைனில் போட்ட பெயரே போலி என்பதால் போய்ச் சேர முகவரி இல்லை, திரும்பி வந்தது. வழக்குப் போடுவதென்றால் அந்தத் தளத்தின் நிறுவனம் இருக்கும் வெளியூரில்தான் போட வேண்டும், செலவு தாங்காது என்றார். நானும் நம்பிவிட்டு வந்தேன். உண்மையில் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, உரிமையாளர் தான் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர வழி தருகிறது. நாமக்கல்லிலேயே முடியும் என்பதைப் பின்னாளில் எனக்குச் சொன்னவர் ஒரு க்ரைம் எழுத்தாளர்.

இதெல்லாம் நடக்கும்போது முகநூலில் புலம்பி ஒரு பதிவு போட்டிருந்தேன். அன்று இரவே ஒருவர் உள்பெட்டிக்கு வந்தார். பதிப்புரிமை மீட்பு நிறுவனம் என்றார், பத்து நாளில் இறக்கிவிடுவோம் என்றார், அழகான ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் காட்டினார். முன்பணம் 9,000 ரூபாய். கட்டிய பிறகு எண் அணைந்துவிட்டது. திருட்டுக் கொடுத்தவர் பொதுவில் புலம்பினால் அடுத்த திருடர் அதைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார். யாராவது தானாகத் தேடி வந்து மீட்டுத் தருகிறேன் என்றால், பெயரும் கட்டணமும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் க்ரைம் எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. எனக்கு அந்த எண் தெரிய வந்தபோது வாரங்கள் கடந்திருந்தன.

அந்தச் சமயத்தில் எழுதுவதையே விட்டுவிட்டேன். ஒரு வாசகர், அவரும் க்ரைம் எழுதுபவர், "மேடம், அடுத்த தொடர் ஏன் வரல?" என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். "எங்க குரூப்புக்கு வாங்க, நாலு பேர் சேர்ந்து பார்ப்போம்" என்றார். வாட்ஸ்அப்பில் முப்பது பேர்கூட இல்லாத சின்னக் குழு. ஒருவர் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், ஒருவர் அரசு மருத்துவமனை செவிலியர், ஒருவர் இளம் வழக்கறிஞர், ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். மற்றவர்கள் என்னைப் போலப் பகலில் ஏதோ வேலை பார்த்து இரவில் கொலை செய்பவர்கள். எல்லாருக்கும் எழுத்துதான் பொதுவானது.

நான் நடந்ததை எழுதி முடித்ததும், ஐயோ பாவம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் கேள்வி, "முதல் அத்தியாயம் வந்த தேதி எது? அந்தப் புத்தகம் விற்பனைக்கு வந்த தேதி எது?" இரண்டாவது, "வரைவு எங்கே எழுதினீங்க?" மூன்றாவது, "அந்தப் புத்தகத்தை முழுசாப் படிச்சீங்களா?" படிக்கவில்லை, முடியவில்லை என்றேன். "நீங்க படிக்க வேண்டாம்மா, நாங்க படிக்கிறோம்" என்று அந்த சப்-இன்ஸ்பெக்டர் ஐயா எழுதினார். அந்த ஒரு வரியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதத்தில் சுமையின் ஒரு ஓரத்தையாவது தூக்க வந்த முதல் ஆள் அவர்தான்.

அவர்கள் அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொண்டு படித்தார்கள். மறுநாள் அந்தச் செவிலியர் கண்டுபிடித்ததுதான் என் வழக்கின் உயிர். திருடியவர் கணினியில் தேடி மாற்றும் வசதியை வைத்து 'குமரேசன்' என்பதை எல்லா இடத்திலும் 'விக்ரமன்' ஆக்கியிருக்கிறார். ஆனால் தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்தால் கடைசிப் புள்ளி போய்விடும் அல்லவா? 'குமரேசனை', 'குமரேசனிடம்', 'குமரேசனுக்கு' என்ற இடங்களில் கணினிக்கு அந்தச் சொல் அகப்படவில்லை. முதல் சில அத்தியாயங்களில் கையால் திருத்தியிருக்கிறார், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார். நடுவிலிருந்து புத்தகம் முழுக்க விக்ரமன் கேள்வி கேட்பார், சாட்சிகள் குமரேசனிடம் பதில் சொல்வார்கள். 'திருச்செங்கோடு' பொள்ளாச்சியாகியிருக்கிறது, 'திருச்செங்கோட்டில்' அப்படியே இருக்கிறது. தமிழ்க் கதை திருடுபோனவர்கள் முதலில் இப்படி உருபு ஏறிய பெயர்களைத் தேடிப் பாருங்கள். அசல் பெயர் ஏதாவது ஒரு மூலையில் நிச்சயம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதன் பிறகு ஆதாரங்களை வரிசையாக அடுக்கினோம். நான் கூகுள் டாக்ஸில் வரைவு எழுதியிருந்தேன், அதில் ஒவ்வொரு நாளின் மாற்றமும் பதிவாகியிருந்தது. செயலியில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தேதி இருந்தது. இவற்றைவிட வலுவானது வாசகர் கருத்துகள். "யார் கொலையாளின்னு எனக்குத் தெரியும், அந்த டிரைவர்தான்" என்று அந்தந்த வாரத்தில் யாரோ போட்ட கருத்தை நானே உருவாக்க முடியாது. குழுவில் இருந்த இரண்டு பேர் என் தொடரை வாராவாரம் படித்தவர்கள். எந்தத் தேதியில் படித்தோம் என்று அவர்களும் எழுதித் தந்தார்கள். கூட எழுதுபவர்கள் நம் கதையை வெளிவரும்போதே படித்திருந்தால் தேவைப்படும் நாளில் அவர்கள்தான் சாட்சி. எழுதியதைத் தபாலில் நமக்கே அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. உறையில் முத்திரைதான் இருக்கும், உள்ளே எப்போது எதை வைத்தோம் என்பதை அது சொல்லாது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

சட்டப் பக்கத்தை வழக்கறிஞர் தம்பி புரியவைத்தார். இந்தியாவில் எழுதியவுடனேயே பதிப்புரிமை நமக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு செய்வது நல்லது. இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். யாராவது ஆட்சேபம் சொல்ல 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு, சான்றிதழ் வர அதற்கு மேலும் ஆகும். நான் வழக்கறிஞருக்கும் மோசடிக்காரருக்கும் கொடுத்த பணத்தில் எத்தனை நாவலைப் பதிவு செய்திருக்கலாம் என்று கணக்குப் போட்டால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. தளத்துக்கு அனுப்பும் புகாரை 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின் 75ஆவது விதிப்படி எழுதச் சொன்னார். படைப்பின் விவரம், நான்தான் உரிமையாளர் என்பதற்கான ஆதாரம், இது நகல் என்பதற்கான ஆதாரம், அது இருக்கும் சரியான இணைய முகவரி, நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து ஆணை பெற்றுத் தருவேன் என்ற உறுதிமொழி. இப்படிப் போனால் 36 மணி நேரத்துக்குள் நகலை யாரும் அணுக முடியாதபடி நிறுத்த வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை போகவில்லை என்றால் அவர்கள் திரும்ப அனுமதிக்கலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. வழக்குக்குத் தயார் இல்லாமல் உறுதிமொழி கொடுக்காதீர்கள். முதலில் தளத்தின் சொந்தப் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில், இதே வரிசையில், உணர்ச்சி இல்லாமல் அனுப்பிப் பார்ப்போம், விதி 75 அடுத்த படி என்று முடிவு செய்தோம்.

நீதிமன்றம் வரை போக வேண்டிவந்தால் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) வெறுமனே நீட்ட முடியாது. மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய சான்றிதழை முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் என்று க்ரைம் கதைகளில் எழுதுவோமே, அது இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்புக்குக் கைரேகை போன்ற ஒரு குறியீடு, கோப்பு மாறினால் இதுவும் மாறிவிடும்) சான்றிதழில் காட்ட வேண்டும், ஒரு பகுதியில் வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். அதனால் எடுத்த படங்களை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், எடுத்த கருவியிலேயே அசலாக வைத்திருங்கள்.

புகாரை அனுப்பும் முன் ஓய்வுபெற்ற ஐயா ஒரு காரியம் செய்தார். "ஒரு வீட்டுல திருடினவன் அந்தத் தெருவை விட மாட்டான்" என்று சொல்லி, அந்தப் பெயரில் விற்ற மற்ற புத்தகங்களையும் குழுவினரைப் பார்க்கச் சொன்னார். அதில் ஒன்று எங்கள் குழுவிலேயே இருக்கும் ஒரு பெண்ணின் கதை. அவருக்கே தெரியாது. இன்னொன்று வேறொரு குழுவில் உள்ளவருடையது. அவரைத் தேடிப் பிடித்துச் சொன்னோம். எல்லாரும் தனித்தனியாக, அவரவர் ஆதாரத்தோடு, ஒரே நாளில் புகார் அனுப்பினோம். ஒருவருக்காக மற்றவர் தானாகப் புகார் அனுப்பக் கூடாது, உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் அனுப்ப வேண்டும். கூட்டமாகச் சேர்ந்து அந்தப் புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம் குத்துவதும் வேண்டாம், அது நம் கணக்குகளுக்கே ஆபத்து. அந்த வாரம் முடிவதற்குள் எல்லாப் புத்தகங்களும் இறங்கின. என் கணக்கின் மீதிருந்த எச்சரிக்கை நீங்கியது. அவர் விற்றுச் சம்பாதித்ததில் ஒரு ரூபாயும் எனக்கு வரவில்லை, அதற்கு வழக்குத்தான் வழி.

அதன் பிறகு நான் குழுவை விட்டுப் போகவில்லை. திருட்டுப் புகாரில் எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய உதவி அங்கே தினமும் நடப்பதைப் பார்த்தேன். திருத்திய பதிப்பை வெளியிடும் முன் என் நாவலை அவர்கள் படித்தார்கள். கொலை நடந்த அன்று இரவே போஸ்ட்மார்ட்டம் முடிந்து அறிக்கை வருவதாக எழுதியிருந்தேன். செவிலியர் அக்கா நிறுத்தினார். சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது உண்மைதான், ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றால் மட்டுமே விலக்கு. அந்த ஒரு இரவைக் கதையில் காத்திருக்க வைத்தபோது எனக்கு ஒரு புது அத்தியாயமே கிடைத்தது. இறந்தவரின் குடும்பம் மார்ச்சுவரி வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிற அத்தியாயம். வாசகர்கள் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.

சட்டப் பிரிவுகளும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்கு 302 கிடையாது, 103. ஆனால் கொலை அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால் பழைய சட்டம்தான். ஆகவே கதை எப்போது நடக்கிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகமாக இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும் என்பதை நம் குடும்ப க்ரைம் கதைகளில் பாதிப் பேர் விட்டுவிடுகிறோம். உடல் விறைப்பதை ஆங்கிலப் புத்தகங்களின் குளிர்நாட்டுக் கணக்கில் எழுதுகிறோம். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும். ரிவால்வரில் சைலன்சர் மாட்டுகிறோம். உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகச் சத்தம் வெளியே வந்துவிடும் என்று ஐயா ஒரு நாள் பொறுமையாக விளக்கினார். கைக்குட்டையில் குளோரோஃபார்ம் வைத்து ஒரு நொடியில் மயக்குவதும் நடக்காது, சில நிமிடமாவது பிடிக்கும்.

க்ரைம் கதையை மற்றவரிடம் படிக்கக் கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதை அங்கேதான் கற்றேன். முழுக் கதையையும் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள், அவ்வளவுதான். நாங்கள் மூன்று துண்டாகக் கொடுப்போம். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரே கேள்வி: இப்போது யார் மேல் சந்தேகம், ஏன்? முதல் துண்டிலேயே எல்லாரும் கொலையாளியைச் சொல்லிவிட்டால் தடயத்தை ஆழமாகப் புதைக்க வேண்டும். கடைசித் துண்டுக்கு முன்பும் ஒருவருக்கும் அந்த ஆள் மனதில் வரவில்லை என்றால் வாசகரை ஏமாற்றியிருக்கிறோம் என்று பொருள். ஒருமுறை முடிவு தெரிந்தவர் மறுபடி புது வாசகராக முடியாது என்பதால் ஆளை மிச்சம் வைத்துக் கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே வரைவைக் கொட்டிவிடாதீர்கள். பொதுக் குழுவில் முடிவைப் பேசக் கூடாது என்பது எங்களிடம் கண்டிப்பான விதி.

எல்லாக் குழுவும் இப்படி இருக்காது. நான் அதற்கு முன்னும் பின்னும் எட்டிப் பார்த்த சில குழுக்களில், நீ எனக்கு ஐந்து நட்சத்திரம் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்ற பேரம்தான் வேலை. தளங்கள் இதைக் கண்டுபிடித்தால் விமர்சனங்களை மொத்தமாக அழித்துவிடும், உண்மையான வாசகர் போட்டதும் கூடவே போகலாம். பழைய மாத நாவல்களின் பி.டி.எஃப். சுற்றும் குழுக்களில் இருக்காதீர்கள். அடுத்தவர் புத்தகத்தை இலவசமாக விநியோகிக்கும் இடத்தில் உங்கள் புத்தகமும் ஒரு நாள் அதே வழியில் போகும். சேர்வதற்கு முன் முழுக் கையெழுத்துப் பிரதியைக் கேட்கும் அட்மின், போட்டி என்று சொல்லி நுழைவுக் கட்டணம் கேட்கும் அட்மின், இரண்டு பேரிடமும் விலகியிருங்கள். பெண்கள் எழுத்துக்கென்று தனி எண்ணும் தனி மின்னஞ்சலும் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடமும் கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்து நள்ளிரவில் வேறு பேச்சுக்குப் போனவர்கள் உண்டு. எங்கள் குழுவில் அப்படி ஒருவர் செய்ததும் அன்றே நீக்கினார்கள். ஒரு குழு நல்லதா என்று தெரிய, புகார் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

பெண்கள் இதில் கூட்டுச் சேர்வது புதிதல்ல. அமெரிக்காவில் சாரா பரெட்ஸ்கி என்ற எழுத்தாளர் 1986இல் மற்ற பெண்களை அழைத்துப் பேசியதிலிருந்துதான் 'சிஸ்டர்ஸ் இன் க்ரைம்' என்ற அமைப்பு உருவானது. பெண்கள் எழுதும் க்ரைம் புத்தகங்களுக்குப் பத்திரிகைகளில் விமர்சனமே வருவதில்லை என்பது அவர்களின் குறை. இன்னும் முதல் புத்தகம் வெளிவராதவர்களுக்காக அந்த அமைப்பில் 'கப்பீஸ்' என்று ஒரு கிளை இருக்கிறது, அது இணையத்திலேயே இயங்குகிறது. ஊருக்கு ஊர் கூட்டம் போட முடியாதவர்கள், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு எழுதுபவர்கள் அதில் ஒருவர் வரைவை ஒருவர் படிக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு நாமக்கல்லில் என் சமையலறை மேசைதான் நினைவுக்கு வந்தது. தமிழில் இப்படிப் பெரிய அமைப்பு வர நாளாகலாம். பத்துப் பேர் போதும், அதில் ஒருவர் மருத்துவமனையிலும் ஒருவர் நீதிமன்றத்திலும் வேலை பார்த்தால் இன்னும் நல்லது.

போன மாதம் அதே ஆள் வேறொரு பெயரில் திரும்ப வந்திருக்கிறார். மலேசியாவில் இருக்கும் நண்பர்தான் பார்த்தார். இந்த முறை மதுரையில் உள்ள ஒரு புது எழுத்தாளரின் தொடர். அந்தப் பெண் குழுவில் சேரும்போதே பதற்றத்தில் இருந்தார். அந்த ஆளுக்கு மெசேஜ் பண்ணிவிட்டாயா என்று முதலில் கேட்டேன், இல்லை அக்கா என்றார். சரி, முதல் அத்தியாயத்தின் தேதியை எடு என்றேன். மாலைக்குள் பக்கங்களைச் சேமித்தோம், உருபு ஏறிய பெயர்களைத் தேடினோம், நிறையவே கிடைத்தன. புகார் அன்று இரவே போய்விட்டது, 500 ரூபாய் பதிவு விண்ணப்பமும் மறுநாள் போனது. அவருடைய அடுத்த அத்தியாயம் வழக்கம்போல வெள்ளிக்கிழமை வருகிறது.